பரிபூரணம் அம்மையாரும் இரண்டு பக்கங்களும்

"வேதத்துல இருக்கதத்தானவே சொல்லுதேன். மனுஷன் மண்ணுல இருந்து எடுக்கப்பட்டான், மனுஷி அவன்..."

"நீரு ரெண்டாம் அதிகாரத்துலயே நிக்கிறீரு, மூப்பரே. அதுக்கு முந்தின பக்கத்துல..."

"என்னப் பேச விடும். மனுஷி அவன் விலாவுல இருந்து எடுக்கப்பட்டா. எங்கன இருந்து எடுத்தாரோ அங்கனதான் கொண்டு வைக்கணும். புருஷன் பக்கத்துல பொண்டாட்டி. அப்பன் வரிசையில கெட்டிக்கொடுக்காத மவ. இவளுக்கு ரெண்டும் கெடையாது. நான் எந்த வரிசையில வைக்கட்டும்?"

"முந்தின பக்கத்துல ரெண்டு பேரையும் ஒண்ணாத்தான் படைச்சாருன்னு இருக்கு. விலாவும் இல்ல, எலும்பும் இல்ல. ரெண்டு பேரும் அவரு சாயல்."

"அப்போ எந்தப் பக்கம் பொய்யி? நீரு உபதேசியாரு. நீரே சொல்லும்."

உபதேசியார் சத்தியநேசன் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். இடம் கிருபைத்தேரி ஆலயத்தின் பின்னறை. அப்போதுதான் இருவரும் அதைக் கவனித்தார்கள். வெளியே முற்றத்தில் அதுவரை கேட்டுக்கொண்டிருந்த துடைப்பச் சத்தம் நின்றுபோயிருந்தது.

துடைப்பத்தைப் பிடித்திருந்தவர் பரிபூரணம் அம்மையார். சண்டையே அவருடைய ஆறடி மண்ணைப் பற்றியதுதான்.

தேரி என்பது செம்மணல் மேடு. காற்று அடிக்கிற பக்கமெல்லாம் நகர்ந்துகொண்டே இருக்கும் மணல். நடுவே பனைகள், உடைமரங்கள், ஓட்டுக்கூரை போட்ட சிறிய ஆலயம், அதன் முன்னால் மணி தொங்குகிற மரக்கால், பின்னால் முள்வேலி அடைத்த கல்லறைத் தோட்டம். கிருபைத்தேரி அவ்வளவுதான். பேதி கண்டு ஊர் பாதியான ஒரு வருஷத்தில், அந்த மணிக்காலின் அடியில் ஒரு பச்சைக் குழந்தை கிடந்தது. இடக்கால் வலக்காலைவிடக் குட்டை. பெற்றவர் செத்தாரா, போட்டுவிட்டுப் போனாரா, எந்த ஊர், எந்தக் குடும்பம் என்று எவருக்கும் தெரியவில்லை. அன்றைய போதகர் குழந்தையைக் கையில் ஏந்தி, மேலே ஒட்டியிருந்த செம்மணலைத் தட்டிவிட்டு, ஞானஸ்நானம் கொடுத்தார். குறையோடு வந்த பிள்ளைக்குப் பரிபூரணம் என்று பெயர் வைத்தார். கேட்டவர்கள் வாய்க்குள் சிரித்துக்கொண்டார்களாம்.

பெண்பிள்ளைகள் விடுதியில் வளர்ந்தார். எழுத்துக் கூட்டி வாசிக்கிற அளவுக்குப் படிப்பு. ஏழாம் வயதில் வைசூரி வந்து, உயிரை விட்டுவிட்டு முகத்தில் தழும்புகளை வைத்துப் போனது. பதினெட்டு வயதில் ஒரு மாப்பிள்ளை பார்க்க வந்தார். கருப்பட்டிக் காப்பியைக் குடித்துவிட்டு, மாட்டுவண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு எவரும் வரவில்லை. விடுதி மூடப்பட்டபோது சபை அவருக்கு ஆலயம் பெருக்கும் வேலையைக் கொடுத்தது. ஆலயத்தின் பின்னால் ஓலை வேய்ந்த ஓர் அறை, வாரந்தோறும் சபையார் வீட்டுக்கு ஒரு கைப்பிடியாகக் கொண்டுவரும் அரிசியில் ஒரு பங்கு. ஐம்பது வருஷம் அந்த வேலையிலேயே இருந்தார்.

விடியும் முன் எழுந்து முற்றம் பெருக்குவார். பாய்களை உதறுவார். மண்பானையில் தண்ணீர் நிரப்புவார். சனிக்கிழமைதோறும் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் ஒவ்வொரு மேட்டின் மேலும் விழுந்த சருகை வாருவார். குட்டைக் கால் என்பதால் ஒன்பது எட்டுக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்குவது வழக்கம். நிற்கிற இடத்தில் யார் படுத்திருக்கிறார்களோ அவர்களுக்கு ஒரு ஸ்தோத்திரம். உயிரோடிருந்தபோது அம்மையாரிடம் பேசாதவர்கள்கூட அங்கே அவர் சொல்லுவதைக் கேட்டுக்கொண்டு கிடந்தார்கள்.

எல்லா வேலையும் முடிந்த பிறகு, கடைசியாக, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வேதப்புத்தகத்தின் முன்னால் போய் நிற்பார். வாசிப்பு மேடையில் இருந்த பெரிய எழுத்துப் புத்தகம் அது. ஞாயிறு வாசித்த இடத்திலேயே வாரம் முழுக்கத் திறந்திருக்க வேண்டும் என்பது சபையின் வழக்கம். தூசி துடைக்கலாம், பக்கத்தைத் திருப்பக் கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே அவரிடம் சொல்லியிருந்தார்கள். திருப்பினால் யாருக்குத் தெரியப்போகிறது? ஒரு ஈ காக்கை இருக்காது அங்கே. ஆனாலும் அம்மையார் திருப்பியதில்லை. திறந்திருந்த இரண்டு பக்கங்களை மட்டும் துடைப்பார், அந்த இரண்டு பக்கங்களை மட்டும் வாசிப்பார். ஒரு கதையின் நடுவில் ஆரம்பித்து இன்னொரு கதையின் நடுவில் முடியும். மீதியைத் தெரிந்துகொள்ள அடுத்த ஞாயிறு வரை காத்திருப்பார். காத்திருப்பது அவருக்குப் பழகிப்போன வேலை.

இனி ஊர் அவருக்கு வைத்த பெயரைச் சொல்ல வேண்டும். சபை மூப்பர் ஞானாபரணத்தின் மனைவி குணசீலி வைத்த பெயர் அது. ஒரு கல்யாண வீட்டில், மனுஷனுடைய விலா எலும்பிலிருந்து மனுஷி உண்டான பகுதியை வாசித்து முடித்ததும், குணசீலி பந்தியில் எல்லார் காதிலும் விழும்படி கேட்டார்: "ஏளா பரிபூரணம், எல்லா ஆம்பளையும் தன் விலாவத் தடவிப் பாத்து, எலும்பு குறையுதேன்னு பொண்ணு தேடி வாரான். ஒன்ன மட்டும் ஒருத்தனும் தேடலியே, நீ எவன் விலாளா?" பந்தி முழுக்கச் சிரித்தது. அன்றிலிருந்து அவர் பெயர் விலா. சின்னப் பிள்ளைகள்கூட, விலா வருது, பாய எடு என்பார்கள். அம்மையார் திரும்பிப் பார்த்து, என்ன பிள்ள, என்று கேட்பார். கோபித்துக்கொண்டதாக எவரும் கண்டதில்லை.

கோபிக்கவில்லை என்பதற்காக வலிக்கவில்லை என்றாகுமா? அந்த வருஷம் வேதப்புத்தகம் அதே இடத்தில் திறந்திருந்த வாரத்தில், அம்மையார் வலப்பக்கத்தைத் துணியால் துடைத்தார், வாசிக்கவில்லை.

பிறகு ஒரு தை மாதத்தில் ஊருக்குள் வைசூரி வந்தது. வருஷத் தொடக்கம் என்பதால் வாசிப்பு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்திருந்த சமயம். ஒரு ஞாயிறு ஆராதனை நடந்தது, அடுத்த ஞாயிறு நடக்கவில்லை. ஊரே வீடுகளைச் சாத்திவிட்டுப் பனங்காட்டு ஓலைக் குடில்களுக்குப் போய்விட்டது. இரண்டு மாதம் மணி அடிக்கவில்லை. ஒருமுறை வந்து போனவருக்கு அது திரும்ப வராது என்பதால் அம்மையார் மட்டும் இருந்தார். யாரும் மிதிக்காத முற்றத்தைப் பெருக்கினார். யாரும் குடிக்காத தண்ணீரை நிரப்பினார். புத்தகம் அதே இரண்டு பக்கங்களில் திறந்து கிடந்தது.

பேச்சுத் துணைக்கு வேறெதுவும் இல்லாதபோது அந்த இரண்டு பக்கங்களும் அவரோடு பேச ஆரம்பித்தன. இடப்பக்கம் ஒன்று சொன்னது: ஆணும் பெண்ணும் ஒரே வார்த்தையில், ஒரே நேரத்தில், அவருடைய சாயலில் உண்டானார்கள், எல்லாம் மிகவும் நன்றாயிருந்தது. வலப்பக்கம் வேறொன்று சொன்னது: இல்லை, முதலில் ஒருவன்தான், மண்ணிலிருந்து பிசையப்பட்டவன், மூக்கில் சுவாசம் ஊதப்பட்டவன், எல்லா உயிருக்கும் பெயர் வைத்துவிட்டுத் தனக்கென்று ஒருவரும் இல்லாமல் நின்றவன். இரண்டும் எப்படி மெய்யாக இருக்கும்? அம்மையார் நடுங்கிப்போனார். வேதத்தில் ஒன்று பொய் என்றால் எதை நம்பிப் பெருக்குவது? இடப்பக்கம் மெய்யானால், அதில் தன்னைப்போல் தனியாய் நிற்கிறவர் ஒருவரும் இல்லை. வலப்பக்கம் மெய்யானால், தான் யாரும் தேடாத எலும்பு. இரண்டிலும் தனக்கு இடமில்லை என்று அந்த வெறும் ஆலயத்தில் நின்று அழுதார்.

அந்த நாட்களில் ஊருக்குள் மூப்பர் வீட்டிலிருந்து ஒரு முனகல் கேட்டது. குணசீலிக்கும் மூப்பருக்கும் வைசூரி கண்டிருந்தது. உறவுக்காரர்கள் அவர்களை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அம்மையார் வேப்பிலையும் கஞ்சியுமாகப் பதினோரு நாள் அந்த வீட்டில் இருந்தார். மூப்பர் நினைவில்லாமல் கிடந்தார். குணசீலிக்குக் கடைசி வரை நினைவு இருந்தது.

"ஏளா, ஒன்ன விலான்னு சொன்னேன்லா."

"சொன்னிய."

"இனிமே சொல்ல மாட்டேன்."

"சொல்லுங்க மதினி. அந்தப் பேரச் சொல்லியாவது என்னைக் கூப்பிட ஆளு இருந்துது."

குணசீலி அன்று சாயங்காலம் போய்ச் சேர்ந்தார். உபதேசியார் பனங்காட்டிலிருந்து வந்து ஜெபம் செய்தார், குழிவெட்டுகிற இஸ்ரவேல் வெட்டினார், அம்மையார் உடலைக் கழுவி வெள்ளைத் துணியில் பொதிந்தார். மூப்பர் எழுந்து உட்கார இன்னும் பத்து நாள் ஆயிற்று. மனைவியை மண்ணுக்குள் வைத்ததை அவர் பார்க்கவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் காலையில் அம்மையார் வழக்கம்போல் முற்றம் பெருக்கினார். நிமிர்ந்து நின்றால் முற்றம் முழுவதும் தெரிந்தது. குனிந்தால் துடைப்பத்தின் முன்னால் கிடக்கும் ஒரே ஒரு வேப்பம்பூ மட்டும் தெரிந்தது. நிமிர்ந்தார், குனிந்தார், மறுபடி நிமிர்ந்தார். துடைப்பத்தை அங்கேயே போட்டுவிட்டு உள்ளே போய்ப் புத்தகத்தின் முன்னால் நின்றார். நெடுநேரம் நின்றார். அன்றைக்கு என்ன கண்டுகொண்டார் என்பதைப் பன்னிரண்டு வருஷம் எவரிடமும் சொல்லவில்லை. எவரும் கேட்கவும் இல்லை.

அறுபதைத் தாண்டி மூச்சிரைப்பு வந்த பிறகுதான், வாழ்நாளில் முதல் தடவையாக, அம்மையார் சபையிடம் ஒன்று கேட்டார். வேலிக்குள் ஆறடி மண். கிருபைத்தேரியில் குடும்பம் குடும்பமாக வரிசை. ஆண்டவர் விலாவை இடப்பக்கத்திலிருந்துதான் எடுத்தார் என்று முன்னோர் ஒருவர் சொல்லிவைத்தபடி, ஒவ்வொரு கணவனுக்கும் இடப்பக்கத்தில் மனைவி. கணவனும் இல்லாமல் தகப்பனும் இல்லாமல் செத்தவர்கள் வேலிக்கு வெளியே, பேதியில் செத்த வழிப்போக்கர்களோடு. அங்கே யாரும் சருகு வாருவதில்லை, அம்மையாரைத் தவிர.

துடைப்பச் சத்தம் நின்ற அந்த நேரத்துக்கு இப்போது வருவோம்.

"கேட்டுக்கிட்டுத்தான நிக்க? உள்ள வாளா" என்றார் மூப்பர்.

அம்மையார் வாசலோரம் வந்து நின்றார்.

"உபதேசியாருக்குத் தெரியல. நீதான் தெனமும் தொடைக்கியே, சொல்லு. எந்தப் பக்கம் பொய்யி?"

கேலியாகக் கேட்ட கேள்வி. அம்மையாரோ தன்னிடம் ஒருவர் கேட்டுவிட்டாரே என்று மெய்யாகவே பதில் சொன்னார்.

"ரெண்டும் மெய்தான்யா. மொதப் பக்கத்துல ஆண்டவரு நிமிந்து நிக்காரு. நிமிந்து நின்னா எல்லாரும் ஒண்ணாத் தெரிவாவ. ஆணு பொண்ணு எல்லாம் ஒண்ணா, எல்லாம் நல்லா இருக்கு. ரெண்டாம் பக்கத்துல அவரே குனியுதாரு, மண்ணப் பெசையுதாரு. குனிஞ்சா ஒரு மொகந்தான் தெரியும். நான் பெருக்கயில அப்படித்தான். அப்படிக் குனிஞ்சபோதுதான் அவன் தனியா இருக்கான்னு பாத்திருக்காரு. அதுவரைக்கும் நல்லது நல்லதுன்னே சொல்லிக்கிட்டு வந்தவரு, நல்லதில்லன்னு மொதல்ல சொன்னது அதத்தான். பழத்தத் தின்னதுக்கு முன்னாடியே சொல்லிட்டாரு. அதனால தனியா இருக்கது பாவத்துக்குத் தண்டனையில்ல ஐயா. அது அவருக்கே மனசுக்கு ஆகல."

உபதேசியார் சத்தியநேசன் கையிலிருந்த கண்ணாடியை மூக்கில் மாட்டிக்கொண்டு அம்மையாரைப் பார்த்தார். இத்தனை வருஷமாக இவர் முகத்தைச் சரியாகப் பார்த்ததில்லை என்று அப்போதுதான் அவருக்குத் தோன்றியது.

"இன்னும் ஒண்ணு ஐயா. நான் மணிக்கால் அடியில மண்ணுல கெடந்தவ. ஆதாமும் மண்ணுல கெடந்து எழும்புனவருதான். அவரு எந்த அப்பன் வரிசையில படுத்திருப்பாரு?"

மூப்பர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். குரல் உயரவில்லை. அவர் கொடியவர் அல்ல, வழக்கத்தைக் கட்டிக் காக்கிறவர். மனைவிக்குக் கஞ்சி ஊற்றியதை மறக்கவில்லை, அதற்கு ஒரு சேலை எடுத்துக் கொடுத்தாயிற்று, உதவி வேறு வழக்கம் வேறு என்று சொன்னார். பிறகு கேட்டார்: "சரி, உள்ளயே வைக்கோம்னு வச்சுக்க. மொதப் பிடி மண்ணு யாரு போடுவா ஒனக்கு?"

முதல் பிடி மண் நெருங்கிய இரத்த உறவுதான் போட வேண்டும். அது போட்ட பிறகே மற்றவர்கள் போடலாம். அம்மையார் தலையைக் குனிந்துகொண்டு, "யாருமில்ல ஐயா" என்றார். வெளியே போய், விட்ட இடத்திலிருந்து பெருக்க ஆரம்பித்தார். வேலிக்கு வெளியே என்று அன்றே எழுதி, சபைப் பெரியவர்கள் எல்லாரும் வந்து கையெழுத்துப் போட்டார்கள். உபதேசியாரும் போட்டார். அதற்காக அவர் பின்னால் மிகவும் வருந்தினார்.

அதன் பிறகு அம்மையாரின் நாட்கள் இன்னும் சத்தமற்றுப் போயின. எனக்கே வேதம் சொன்னாள் என்று மூப்பர் சொல்லப்போக, பெண்கள் கைப்பிடி அரிசியைக் கொடுக்கும்போது முகத்தைப் பார்க்காமல் கொடுத்தார்கள். ஆதாமுக்குத் தங்கச்சி வாரா என்று ஒரு புதுப் பேச்சும் கிளம்பியது. அம்மையார் சனிக்கிழமைகளில் வேலிக்கு வெளியேயும் போய், தனக்கென்று ஆகிவிட்ட இடத்தில் சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டு வருவார். ஆண்டவரே, இங்கயும் குனிஞ்சு பாப்பியளா என்று கேட்பாராம். அழுகையாகக் கேட்கவில்லை. வீட்டுக்கு வருகிறவரிடம் வழி தெரியுமா என்று கேட்பதுபோலக் கேட்பார்.

அந்த வருஷம் ஆடிக்காற்று வழக்கத்துக்கு மேல் அடித்தது. எட்டு நாள் ஓயாமல் மேற்கிலிருந்து செம்மணல் பறந்தது. சோற்றில் மணல், கண்ணில் மணல். ஒன்பதாம் நாள் காற்று நின்று, ஊர் வெளியே வந்து பார்த்தால், கல்லறைத் தோட்டத்தையே காணோம். ஒரு மேடு இல்லை, ஒரு மரச் சிலுவை இல்லை. மேற்கேயிருந்த தேரி நகர்ந்து வந்து எல்லாவற்றின் மேலும் ஓர் ஆள் கை உயரத்துக்குப் படுத்திருந்தது. முள்வேலி அதன் அடியில் எங்கேயோ. உள் எது, வெளி எது என்று சொல்ல முடியாமல் ஒரே சிவப்பு, ஒரே சமம்.

ஊர் அழுதது. எங்க அம்ம எங்கன இருக்கா, எம் பிள்ள எங்கன கெடக்கு என்று ஆளாளுக்கு மணலைப் பறித்தார்கள். ஒருவர் பறித்த மணல் இன்னொருவர் குழியில் சரிந்தது. மூப்பர் ஞானாபரணம் மட்டும் பறிக்கவில்லை. குத்துமதிப்பாய் ஓர் இடத்தில் நின்றார், பிறகு நாலு எட்டுத் தள்ளி நின்றார். வைத்ததைக் கண்ணால் பார்க்காதவர், மேட்டை மட்டும் பார்த்தவர், மேடு போன பிறகு என்ன செய்வார்?

அம்மையார் ஒரு கட்டுப் பனைமட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். ஆலயத்தின் பின்வாசலில் முதுகை ஒட்டி நின்று, மேற்கே பார்த்து, நடக்கத் தொடங்கினார். ஒன்பது எட்டு. நின்றார், மூச்சு வாங்கினார். ஒரு மட்டையை நட்டார். "மாசில்லாமணி அண்ணாச்சி" என்றார். பிறகு ஒன்பது எட்டு. "சொர்ணப்பூ அக்கா. பிரசவத்துல போனவிய. பிள்ளையும் கூட." பிறகு ஒன்பது எட்டு. இஸ்ரவேலுக்கு நம்பிக்கை வரவில்லை. மட்டை நட்ட முதல் இடத்தில் மண்வெட்டியால் பறித்துப் பார்த்தார். முழங்கை ஆழத்தில் மரச் சிலுவையின் தலை, அதில் மாசில்லாமணியின் பெயர். அதன் பிறகு எவரும் பறிக்கவில்லை. ஊரே அம்மையாரின் பின்னால் நடந்தது. அவர் நின்றால் நின்றது.

நான்கு நாளில் நூற்றுப் பதினேழு பெயர்கள். ஐம்பது வருஷமாகச் சனிக்கிழமைதோறும் ஸ்தோத்திரம் சொல்லி நின்ற இடங்கள். வேலிக்கு வெளியே இருந்தவர்களுக்கும் மட்டை நட்டார். பெயர் தெரியாதவர்களுக்கு, "கோயம்புத்தூரு பக்கத்துல இருந்து வந்தவரு", "கையில பச்சை குத்தியிருந்த பிள்ள" என்று தெரிந்ததைச் சொன்னார். உள்ளே வெளியே என்று அவரும் பிரித்துச் சொல்லவில்லை, பின்னால் வந்தவர்களும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் மாலை மூப்பரின் வரிசைக்கு வந்தார்கள். மூப்பரின் தகப்பனாருக்கு ஒரு மட்டை, தாயாருக்கு ஒரு மட்டை. பிறகு ஒரு மட்டையை நட்டு, அதன் மேல் கையை வைத்தபடி, "குணசீலி மதினி" என்றார். மூப்பர் மணலில் மண்டியிட்டு நெற்றி பட விழுந்தார். எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகு, பக்கத்தில் வெறுமையாய் இருந்த தன்னுடைய இடத்தைப் பார்த்தார். பிறகு தாய் தகப்பன் மட்டைகளைப் பார்த்தார். ஏதோ கணக்குப் போடுகிறவர்போல் நின்றார்.

"பரிபூரணம், இது மாறியிருக்கே. தல மேக்க, காலு கெழக்க. படுத்திருக்கவருக்கு எடக்கை வடக்கயில்லா வரும்? எங்க அம்ம தெக்க இருக்கா. குணசீலியும் தெக்க இருக்கா."

அம்மையார் அடுத்த மட்டையை உருவினார். இஸ்ரவேல்தான் தலையைச் சொறிந்தார். அவருடைய தகப்பனாரும் பாட்டனாரும் குழியின் கால்மாட்டில் நின்றுதான் இடப்பக்கம் பார்த்து வெட்டினார்கள். அவரும் அப்படித்தான். நிற்கிறவருக்கு இடம், படுக்கிறவருக்கு வலம். கிருபைத்தேரியில் ஒரு மனைவிகூட விலா எடுத்த பக்கத்தில் படுத்திருக்கவில்லை.

"ஒனக்குத் தெரியுமா இது?" என்று மூப்பர் கேட்டார்.

"தெரியும்யா. ரொம்ப வருஷமா."

"அன்னைக்கு அந்த ரூமுல ஏன் சொல்லல? சொல்லியிருந்தா என் வாயே எழும்பியிருக்காதே."

"எல்லாரும் நிம்மதியாப் படுத்திருக்காவ ஐயா. என் ஒருத்திக்கு எடம் வேணும்னு அவிய எல்லாரையும் பெரட்டிப் போடவா?"

மூப்பர் வீட்டுக்குப் போனார். அம்மையாரும் தன் இடத்தைப் பற்றி மறுபடி கேட்கவில்லை. கடைசி நாள், எல்லா மட்டையும் நட்டு முடிந்து ஒரு மட்டை மிச்சமிருந்தது. அதைத் தன் அறைக்குக் கொண்டுபோய்ச் சுவரில் சாய்த்து வைத்தார்.

புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை காலை முற்றம் பெருக்கியிருந்தது, பானை நிரம்பியிருந்தது, ஆனால் கல்லறைத் தோட்டத்தில் சருகு வாரப்படவில்லை. உபதேசியார் ஆலயத்துக்குள் போய்ப் பார்த்தார். வாசிப்பு மேடையின் கால்மாட்டில் அம்மையார் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கை கழுவிய ஈரம் சேலைத் தலைப்பில் இன்னும் காயவில்லை. தூசி துடைக்கிற துணி மடித்தபடி இடுப்பில் இருந்தது. மூச்சு இல்லை.

நிமிர்ந்த உபதேசியாரின் கண்ணில் புத்தகம் பட்டது. போன ஞாயிறு அவரே ஒரு தீர்க்கதரிசியின் ஆகமத்தை வாசித்து, அந்த இடத்தில் திறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். இப்போது அது புத்தகத்தின் தொடக்கத்தில் திறந்து கிடந்தது. இடப்பக்கம் ஒரு கதை, வலப்பக்கம் ஒரு கதை.

மூப்பரை அழைத்து வந்தார்கள். "நீரு திருப்புனீரா?" என்று அவர் உபதேசியாரிடம் கேட்டார். இல்லை என்றார். "அப்போ அவ... அவிய திருப்பியிருப்பாவளோ?" ஐம்பது வருஷம் திருப்பாத கை. காற்றாக இருக்கும் என்று சிலர் இன்றும் சொல்லுகிறார்கள். ஜன்னல்கள் சாத்தியிருந்தன என்று உபதேசியார் சாகும் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். மூப்பர் வாதாடவில்லை. மேடையருகே போய், விரலை வைத்து, இடப்பக்கத்தை வாசித்தார். பிறகு வலப்பக்கத்தை வாசித்தார். அவசரப்படாமல், எழுத்துக் கூட்டுகிற பிள்ளையைப்போல வாசித்தார். வெளியே வந்து இஸ்ரவேலிடம், "மணிக்கால் பக்கத்துல வெட்டு. எல்லா வரிசைக்கும் கெழக்க" என்று சொன்னார். அங்கே அதுவரை வரிசை இல்லை. அன்றைக்குத்தான் ஒன்று தொடங்கியது.

அடக்கத்துக்கு ஊர் முழுவதும் வந்திருந்தது. உபதேசியார் மண்ணுக்கு மண் என்று சொல்லி நிறுத்தினார். முதல் பிடி போட வேண்டிய நேரம். எவரும் முன்னால் வரவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். உயிரோடிருந்தபோது எப்படித் தனியாக நின்றாரோ அப்படியே, அத்தனை பேர் நடுவிலும் அம்மையார் அந்தக் குழிக்குள் தனியாகக் கிடந்தார்.

ஞானாபரணம் மூப்பர் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். எவர் முன்னாலும் வளையாத அந்த முதுகு வளைந்தது. நன்றாகக் குனிந்து, இரண்டு கையாலும் செம்மணலை அள்ளினார். எறியவில்லை. குழியின் விளிம்பில் முழங்காலிட்டு, கை எட்டும் மட்டும் கீழே இறக்கி, மெதுவாக விட்டார். அம்மையாரின் அறையிலிருந்து கொண்டுவந்த அந்தக் கடைசி மட்டையைத் தலைமாட்டில் ஊன்றினார். ஒருவருக்கும் சொந்தமில்லாதவராய் வந்து, எல்லாரையும் தமக்குச் சொந்தமாக்கிக்கொண்டு போனவர் பரிபூரணம் அம்மையார். ஆண்டவர் குனிந்து பார்த்த முகம் அவருடையது.

மூப்பர் எழுந்திருக்காமல் குழியைப் பார்த்தே கேட்டார்:

"கடைசி நாள்ல ஆண்டவரு கெழக்க இருந்து வரும்போது, எல்லாருக்கும் கெழக்க இருக்க நீங்கதான மொதல்ல எழும்புவிய, தாயே. எங்க எல்லாரையும் பேரு சொல்லி எழுப்பி விடுவியளா?"